இழுவைப் பாதையில் அப்பாவோடு இரண்டு இரவு

அப்பா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நயாகரா பார்த்தாச்சு, நியூயார்க் பார்த்தாச்சு, லான்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்கு நாலு தடவை போய் வந்தாச்சு. எங்கே கூட்டிப்போனாலும் "நல்லா இருக்கும்மா" என்று ஒரே பதில்தான். வீட்டுக்கு வந்ததும் டெக்கில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 34 வருடம் பொதுப்பணித்துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக கீழணை, வடவாறு, வீராணம் என்று கரை கரையாகச் சைக்கிளில் சுற்றிய மனிதர், அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குத்தான் தாங்கவில்லை.

அதனால் போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, அவரையும் என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, மேரிலாந்தில் ஒரு பழைய கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிற ஆன்டீட்டம் க்ரீக் கேம்ப்கிரவுண்டுக்குப் போனேன். "மாமாவுக்கு முட்டி வலி இருக்கு, தரையில எப்படிப் படுப்பாரு?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு பதில் 40 டாலருக்கு ஒரு மடக்குக் கட்டில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் வயதானவர்களைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவில் நான் சொல்லப்போவதிலேயே உருப்படியான விஷயம் அதுதான்.

இடத்தைப் பற்றி முதலில். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை பொட்டாமக் ஆற்றை ஒட்டியே 184.5 மைல் நீளத்துக்கு ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. சிசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய், சுருக்கமாக சி அண்ட் ஓ. ஆற்றில் பாறையும் அருவியும் வெள்ளமும் இருப்பதால் படகு ஓட்ட முடியாது, அதனால் ஆற்றுத் தண்ணீரையே அணை போட்டுத் திருப்பிப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி அதில் படகு விட்டார்கள். படகுக்கு எஞ்சின் கிடையாது. கரைமேல் கோவேறு கழுதைகள் நடக்கும், கழுதையிலிருந்து படகுக்கு ஒரு நீளக் கயிறு. அந்தக் கழுதைகள் நடந்த கரைதான் டோபாத், இழுவைப் பாதை. 1924இல் வந்த வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது, ஆனால் பாதை அப்படியே இருக்கிறது. இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதில் போகிறார்கள்.

சைக்கிளில் மொத்த தூரமும் போகிறவர்களுக்காக வழியில் சில மைலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன இலவசத் தங்குமிடங்கள் இருக்கின்றன. ஒரு கைப்பம்பு, ஒரு மேஜை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். ஒரு இடத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. ஆன்டீட்டம் க்ரீக் அந்த வகை இல்லை. இங்கே முன்பதிவு செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் தங்கலாம். மொத்தம் 20 இடங்கள், எல்லாம் கூடாரத்துக்கு மட்டும். வண்டியைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு சாமான்களைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துதான் உள்ளே வர வேண்டும். சாலைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் அந்தப் பழைய கால்வாய் குறுக்கே கிடக்கிறது, தண்ணீர் இல்லாமல், உள்ளே மரம் முளைத்து. அதைத் தாண்டினால் டோபாத், டோபாத்தைத் தாண்டினால் கூடாரம் போடும் இடம், அதற்கு அந்தப் பக்கம் ஆறு.

சில நிமிட நடைதான். ஆனால் அந்தச் சில நிமிடம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது வண்டியை அருகிலேயே நிறுத்துகிற கேம்ப்கிரவுண்டில் தங்கியவர்களுக்குத் தெரியும். அங்கே ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது கார்க் கதவை அடிப்பார்கள், ஹெட்லைட் கூடாரத்துக்குள் பாயும், ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிக்காரரின் ஜெனரேட்டர் ஓடும். நாமும் வண்டி பக்கத்தில்தானே இருக்கிறது என்று பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு போவோம். இங்கே தூக்க முடிந்ததுதான் வரும். நான் வீட்டில் எடுத்து வைத்ததில் இரண்டாவது அடுப்பு, பெரிய நாற்காலி, ஸ்பீக்கர் மூன்றும் வண்டியிலேயே தங்கிவிட்டன. ஒன்றையும் தேடவில்லை.

நாங்கள் மூன்று நடை நடந்தோம். முதல் நடையில் கூடாரம், படுக்கைப் பைகள். இரண்டாவதில் கட்டிலும் சாப்பாடும். மூன்றாவது தண்ணீர். தண்ணீர் கேனை நான் தூக்கப்போனபோது அப்பா வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வேணாம்ப்பா, முட்டி" என்றேன். "தோளுக்கும் முட்டிக்கும் என்னம்மா சம்பந்தம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

கால்வாயைத் தாண்டும் இடத்தில் நின்றார். கேனை இறக்கி வைத்தார். ரொம்ப நேரம் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது வாய்க்கால்ம்மா."

"ஆமாம்ப்பா, அதைத்தான் காட்டக் கூட்டிட்டு வந்தேன்."

"நீ கால்வாய்னு சொன்னப்ப நான் வெனிஸ் மாதிரி எதோ நெனச்சேன். இது நம்ம வாய்க்கால். இந்தப் பக்கம் வெட்டுன மண்ண அந்தப் பக்கம் கொட்டிக் கரை கட்டிருக்கான். உள்பக்கச் சரிவு பாரு, எவ்வளவு சீரா இருக்கு."

ஊரைவிட்டு வந்ததிலிருந்து அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கூடாரம் போட்டு முடித்ததும் தொட்டிப்பாலம் பார்க்கப் போனோம். ஆன்டீட்டம் ஓடை பொட்டாமக்கில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அந்த ஓடைக்கு மேலே கால்வாயைத் தாண்டவைக்க 1835இல் கட்டி முடித்த கல்பாலம் அது. மூன்று வளைவுகள், சுண்ணாம்புக்கல். மேலே படகு போகும், கீழே ஓடை போகும். இங்கே அக்வடக்ட் என்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சொன்னால் உடனே புரிந்துவிடும், அது மிக உயரம், இது அத்தனை உயரமில்லை, ஆனால் வேலை ஒன்றே. இப்படி இந்தக் கால்வாய் முழுக்க 11 தொட்டிப்பாலங்கள் இருக்கின்றன. அப்பா கைப்பிடியில்லாத ஓரத்துக்குப் போகாமல், நடுவில் நின்றபடியே கல் இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து ஒரு இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் போகவில்லை.

ராத்திரி புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். கட்டுச்சாதம் கொண்டுபோங்கள், முதல் நாள் கூடாரம் போட்ட களைப்பில் சமைக்காதீர்கள். நெருப்புக்கு விறகு வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு ஊர்விட்டு ஊர் போய்விடும். தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். என் பெண்ணும் தாத்தாவும் அரை மணி நேரத்தில் ஒரு கட்டு சேர்த்தார்கள். சைக்கமோர் மரங்கள் ஆற்றங்கரை முழுக்க நிற்கின்றன, பட்டை உரிந்து மேல்கிளையெல்லாம் வெள்ளையாக, இருட்டினாலும் அவை மட்டும் தெரியும்.

கரையில் ஏன் தண்ணீர் கசியாமல் நின்றது என்று பெண் கேட்டாள். அங்கேதான் பேச்சு நன்றாகப் போனது. உள்ளே களிமண்ணை ஈரத்தோடு மிதித்து மிதித்துப் பூசியிருப்பார்கள் என்றார் அப்பா. நான் முன்பே படித்திருந்தேன், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். "எலி வளை இருக்குமே, நண்டு வளை இருக்குமே, அதுக்கு என்ன செஞ்சாங்க?" என்று அவரே திருப்பிக் கேட்டார். இங்கே மஸ்க்ராட் என்று தண்ணீரெலி ஒன்று உண்டு, அது கரையைக் குடைந்துவிடும். கால்வாய்க் கம்பெனி அதைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுத்திருக்கிறது. தினமும் கரையில் நடந்து கசிவு பார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருந்தது, லெவல் வாக்கர் என்று பெயர்.

"லஸ்கர்" என்றார் அப்பா.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: வாய்க்கால் மதகைத் திறந்து மூடி, கரையைச் சுற்றிப் பார்த்து, எங்கே கசிந்தாலும் ஓடிவந்து சொல்லும் கடைநிலை ஊழியர் லஸ்கர். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. கரையில் ஒரு விரல் அகல ஓட்டை சாயங்காலம் தெரிந்தால் விடிவதற்குள் உடைப்பு. தன்னோடு வேலை பார்த்த லஸ்கர்களில் ஒருவர், மழை ராத்திரியில் லாந்தரோடு கரையில் நடக்கும்போது காதை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பாராம். அந்தக் கதையை நான் சின்ன வயதில் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

குளிர் ஆறேழு டிகிரிக்கு இறங்கியது. இப்போது கட்டில். வயதானவர்களுக்குத் தரையில் படுப்பது பெரிய கஷ்டமில்லை, தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம், அதுவும் ராத்திரி இரண்டு தடவை கழிப்பறைக்கு எழுந்திருப்பவர்களுக்கு. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மடக்குக் கட்டில் இருந்தால் வீட்டில் எழுந்திருப்பது போலவே எழுந்துவிடலாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று போகும், அதனால் கட்டில்மேல் ஒரு தடித்த ஃபோம் விரிப்பு கட்டாயம் போடுங்கள், மேலே எத்தனை கம்பளி போட்டாலும் கீழே போடாவிட்டால் முதுகு சில்லிட்டுவிடும். ஒரு ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக்க மூடி, காலுறைக்குள் போட்டு, கால்மாட்டில் வைத்துவிட்டேன். தலையில் மங்கிகேப். கூடாரம் உள்ளே குனியாமல் நிற்கிற உயரமாக இருக்கட்டும். கழிப்பறைக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வழிக்கு ஒரு நெற்றி விளக்கு. இவ்வளவும் இருந்தால் எழுபது வயதுக்காரர் தாராளமாகத் தூங்கலாம். அப்பா என்னைவிட நன்றாகத் தூங்கினார். நான்தான் ஆந்தை ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவதையும் இந்தப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொல்வதையும் கேட்டுக்கொண்டு விழித்திருந்தேன்.

காலையில் ரவா உப்புமா, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டிகாக்ஷனில் காப்பி. ஆற்றின்மேல் பனி படலமாக நகர்ந்துகொண்டிருந்தது, கரையோரத்தில் ஒரு சாம்பல்நிறக் கொக்கு, நம் ஊர்க் கொக்கைவிட இரண்டு பங்கு உயரம், எங்கள் பேச்சுச் சத்தத்துக்கெல்லாம் அசையவே இல்லை.

அன்றைக்கு டோபாத்தில் மேல்நோக்கி நடந்தோம். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மைல்கல் கம்பம். எங்கள் கூடாரம் 69ஆம் மைல் தாண்டி இருந்தது. பாதை மட்டமாக இருக்கிறது, கழுதைக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றமே கிடையாது, படகை ஏற்றி இறக்கும் லாக் வரும் இடங்களில் மட்டும் எட்டடி போல ஏறும். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. அப்பா கைத்தடியோடு நாலு மைல் நடந்தார், போகவர. நடந்துவிட்டு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று கால், கழுத்து, காதுமடல் எல்லாம் பார்த்துவிடுங்கள், குளிர் வந்தாலும் இங்கே உண்ணி இருக்கிறது.

இந்த இடத்தில் நடக்கும்போது ஒன்றை மறக்க முடியாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் பாலத்தடியில் ஓடுகிற அதே ஓடை, சில மைல் மேலே ஷார்ப்ஸ்பர்க் ஊரை ஒட்டி ஓடி வருகிறது. 1862 செப்டம்பர் 17 அன்று அங்கே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சண்டையில் ஒரே நாளில் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 23,000 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், காணாமல் போனார்கள். அமெரிக்க வரலாற்றில் அதுபோல் ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுநாள் ராத்திரி தெற்குப் பக்கத்துத் தளபதி லீயின் படை, நாங்கள் நடந்த பக்கத்தில்தான், ஆற்றில் இறங்கித் தாண்டி வர்ஜீனியாவுக்குத் திரும்பியது. பெண்ணுக்குப் பள்ளியில் இதைப் பற்றிப் பாடம் வந்துவிட்டது. தேதியைச் சொன்னது அவள்தான். கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு லாக்கையும் பார்த்தோம். மொத்தக் கால்வாயும் 605 அடி ஏறுகிறது, அதற்கு 74 லாக்குகள். 100 அடி நீளம், 15 அடி அகலத்தில் ஒரு கல் அறை, இரண்டு முனையிலும் மரக்கதவு ஜோடி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை விட்டால் படகு மேலே ஏறும், வடித்தால் இறங்கும். படகு கிட்டத்தட்ட 92 அடி நீளம், பதினாலரை அடி அகலம், 120 டன் வரை நிலக்கரி. பக்கத்துக்கு ஒரு சாண் கூட இடமில்லாமல் உள்ளே நுழைக்க வேண்டும். கதவு இரண்டும் நேர்கோட்டில் சாத்தாமல், மேல்பக்கம் பார்த்து ஆங்கில வி எழுத்து போலச் சேரும், அதனால் மேல்தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு இறுகும். "நம்ம ஷட்டர் மேல தூக்குறது. இது வேற புத்தி" என்றார் அப்பா. கதவு இப்போது இல்லை. கதவின் தூண் திரும்பிய இடத்தில் கல்லை அரைவட்டமாகக் குடைந்திருக்கிறார்கள். அப்பா உள்ளங்கையை அதில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். மூலைக்கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள். என் பெண்ணின் சுண்டுவிரல் ஒன்றில் சரியாகப் படிந்தது. கழுதை ஓட்டியதில் நிறையப் பேர் அவள் வயதுப் பிள்ளைகள்தான், படகுக் குடும்பத்துக் குழந்தைகள், ஆறு மணி நேரம் கழுதையோடு நடப்பார்கள், அதன்பின் படகிலிருந்து அடுத்த ஜோடிக் கழுதைகள் இறங்கும். அவளிடம் சொன்னேன். விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கால்வாயை நினைத்தால் எனக்கு மனசு இளகும். 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்துத் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோரில் ரயில்பாதைக்கும் அடிக்கல் நட்டார்கள். ரயில் 1842இல் கம்பர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. கால்வாய் போய்ச் சேர்ந்தது 1850இல். ஐரிஷ்காரர்கள் நிறையப் பேர் வெட்டினார்கள், 1832 காலராவில் பலர் அங்கேயே செத்தார்கள். 22 வருட உழைப்பு முடிந்தபோதே போட்டி முடிந்திருந்தது. அப்படியும் எழுபது வருடத்துக்கு மேல் நிலக்கரி சுமந்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் 1950களில் இதன்மேல் கார்ச் சாலை போட ஒரு திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, என்னோடு வந்து நடந்து பார் என்று ஆசிரியரைக் கூப்பிட்டார். 1954 மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து நடை கிளம்பியது. கூட வந்தவர்கள் பலர், முழு 184.5 மைலையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர். சாலை வரவில்லை. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. அந்த ஒன்பது பேர் நடக்காமல் இருந்திருந்தால் எங்கள் கூடாரம் நின்ற இடத்தை ஒட்டி இன்று கார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். கூடாரத்துக்குள் படுத்து இதை நினைத்தபோது, முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

இரண்டாவது ராத்திரி மழை. மேல்துணியின் ஒரு மூலைக் கயிற்றை நான் இழுத்துக் கட்டவில்லை, அந்த மூலை தொய்ந்து உள்துணியில் ஒட்டிப் பெண்ணின் படுக்கைப் பை கால்பக்கம் நனைந்துவிட்டது. அவளை என் பைக்குள் இழுத்துக்கொண்டேன். வானிலை அறிக்கை எப்படி இருந்தாலும் நாலு மூலையும் கட்டிவிட்டுத் தூங்குங்கள். அப்பா விழித்துக்கொண்டு, மழைச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சாரல்தான். கரைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார்.

ஞாயிறு காலை மூட்டை கட்டினோம். இந்தப் பூங்காவில் குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுவந்ததை நாமே கொண்டுபோக வேண்டும், காப்பித்தூள் சக்கை உட்பட. திரும்பவும் மூன்று நடை. கடைசி நடையில் அப்பாவைக் காணோம். டோபாத்தின் உள்சரிவில் ஓர் இடத்தில் கைத்தடியை ஊன்றிக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கரையில் ஒரு வளை, முஷ்டி அளவு, வாயில் புது மண். ஒரு நீளச் சுள்ளியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார், முழங்கை வரை போனது. பிறகு அந்தச் சுள்ளியை வளைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நட்டார், பின்னால் வருகிற ஆள் பார்ப்பதற்கு நடுகிற அடையாளம் மாதிரி.

"தாத்தா, இதுல தண்ணியே வராதே" என்றாள் பெண்.

"கரை இருக்குல்ல குட்டி."

அவள் கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சரிவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வண்டிக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனது, இன்னும் இரண்டு சுள்ளி நட்டிருந்தார்கள்.